அக்கா வீட்டுக்கு மேலே ஒரு விமானம்

டென்மார்க் நேரம் காலை ஏழு ஐந்து. ஹேர்னிங்குக்கு மேலே, ஒன்பதாயிரம் அடியில், இல்லாத விமானம் ஒன்று பறந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்குத்தான் உயிர்பெற்ற புதுத் திரையில் பறந்தது. பக்கத்துப் பழைய திரையில் அந்த இடம் துடைத்துவிட்டது போல வெறுமையாகக் கிடந்தது.

சுஜீதா இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நாட்டின் வான்போக்குவரத்தைப் பழைய கணினி முறையிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையில், பரிசோதனைக் குழுவை மூன்று வருடமாக நடத்துபவள் அவள். இந்த மே மாத ஞாயிறு, ஏழரைக்கு மாற்றம். அதற்காகவே வானத்தில் விமானங்களைக் குறைத்து வைத்திருந்தார்கள். இன்றைக்குத் தவறினால் இனி ஒக்ரோபர்தான்.

"அது என்ன விமானம்?" என்று கேட்டார் பொறுப்பதிகாரி பீற்றர். ஆறடி நாலங்குல டேனிஷ்காரர். அவர் குரல் உயர்ந்ததை அந்தக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை. "இருபது நிமிடத்தில் எனக்குக் காரணம் வேண்டும். இல்லாவிட்டால் மாற்றத்தை நிறுத்துகிறேன்."

ராடார் தொழில்நுட்பர் தவராஜா கதிரையை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, ராடாரிலை ஒண்டுமில்லை. மூண்டுதரம் பாத்திட்டன். பேயோட்டுற ஆரையும் கூப்பிடவோ?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. அது எங்கை போகுதெண்டு பாப்பம்."

புள்ளி தெற்கே நகர்ந்தது. கோல்டிங் நகரம் வரை வந்தது. அங்கே, ஒரு காரணமும் இல்லாமல், சட்டென்று இடப்பக்கம் திரும்பியது.

சுஜீதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோல்டிங்கில் அந்த இடத்தில் விமானம் திரும்ப ஒரேயொரு காரணம்தான் இருந்தது. அங்கே அவளுடைய அக்கா மேரிசெலினின் வீடு இருந்தது. கட்டுப்பாட்டாளர்களின் பயிற்சிக்காகப் புதுத் திரையில் ஓடவிடும் பொய் விமானங்களுக்குப் பாதை வரைந்தபோது, ஒரு குறும்பில் ஒன்றை அக்கா வீட்டுக் கூரைக்கு மேலே திருப்பிவிட்டவள் அவள்தான்.

ஆனால் பயிற்சி காலை ஆறுக்கே நின்றிருக்க வேண்டும். நிற்கும் நேரத்தை நேற்று மாலை அவளே தன் கையால் பதிந்தாள்.

மெல்ல இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். புதுக் கைக்கடிகாரம் மினுங்கியது.

விமான உலகத்துக்கு கிரீன்விச் நேரம் ஒன்றுதான். கோடையில் டென்மார்க் அதற்கு இரண்டு மணி முந்தி ஓடும். குழப்பம் வரக்கூடாதென்று அந்த அறையில் ஒரு வழக்கம்: உள்ளே வருபவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாசலிலிருக்கும் பீங்கான் கிண்ணத்தில் போடவேண்டும். எல்லாரும் போடுவார்கள். பிறந்தநாளுக்குக் கணவன் சாருஜன் வாங்கித்தந்ததை அந்தக் கீறல் விழுந்த கடிகாரக் கூட்டத்துக்குள் போடச் சுஜீதாவுக்கு மனம் வரவில்லை. சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். நேற்று வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதைப் பார்த்தே கணக்கிட்டு 'ஆறு' என்று பதிந்தாள். கணினிக்கு அது கிரீன்விச் ஆறு. டென்மார்க்கில் எட்டு!

இரண்டு சொடுக்கு போதும். புள்ளி மறைந்துவிடும். ஏதோ கண்சிமிட்டல் என்று நினைப்பார்கள். யாருக்குத் தெரியப்போகிறது?

விரல் சுட்டிக்குப் போனது. நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் மறையும் விமானத்தைப் பார்த்தவர்கள், நாளைக்கு இந்தத் திரையை எப்படி நம்புவார்கள்?

எழுந்து நின்றாள்.

"பீற்றர், அது என் விமானம்."

இருபது தலைகள் திரும்பின. கடிகாரத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். காது சுட்டது.

"நான் சொல்வது சரியென்றால், இன்னும் நாலு நிமிடத்தில் ஓகூஸ் நகரத்துக்கு மேலே இரண்டாவது வரும். அதிலிருந்து ஐந்தாவது நிமிடம் மூன்றாவது. வந்தால் உங்கள் எல்லாருக்கும் முன்னால் பயிற்சியை நிறுத்துகிறேன்."

"காத்திருப்போம்," என்றார் பீற்றர்.

நாலு நிமிடம் நாலு வருடமாய் நீண்டது. ஓகூஸ் வெறுமை. வெறுமை... பளிச்! புள்ளி.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து மூன்றாவதும், பள்ளிக்கூட மணி போல, நேரம் தவறாமல் வந்தது.

"நிறுத்து," என்றார் பீற்றர்.

சத்தமாகச் சொல்லிக்கொண்டே நிறுத்தினாள். மூன்று புள்ளிகளும் போயின. இரண்டு திரைகளிலும் இப்போது அதே பதினொரு விமானங்கள், ஒட்டிப் பிறந்தவை போல.

"அந்தப் புள்ளி சும்மா மறைந்திருந்தால் ஒக்ரோபர்தான்," என்றார் பீற்றர். "ஏழரைக்கு மாற்றுகிறோம்."

மாற்றினார்கள். இடி இடிக்கவில்லை. ஒரு விமானி ஒலிவாங்கியில் "குட் மோர்னிங்" என்றார். கட்டுப்பாட்டாளரும் "குட் மோர்னிங்" என்றார். புது வானத்தில் நடந்த முதல் சங்கதி அவ்வளவுதான். சுஜீதாவுக்கு அதைவிட இனிய பேச்சு அன்றைக்கு வேறு கிடையாது.

பீற்றர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வந்தார். "சட்டம் தெரியும்தானே? பிழை விட்டவர் நாளைக்கு எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும்."

"கேக் வேண்டாம்," என்று டேனிஷில் குறுக்கிட்டார் தவராஜா. "அவளுடைய அக்கா பொரிக்கும் றோல்ஸ் சாப்பிட்டால், இன்னொரு பிழை விடச் சொல்லி நீங்களே அவளைக் கேட்பீர்கள்." பிறகு தமிழில், "உறைப்புக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லு பிள்ளை."

சுஜீதா கடிகாரத்தைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். டங்! நடைபாதைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு அறுபது றோல்ஸ் வேணும்."

"அறுபதோ! என்னடி விசேசம்?"

"உங்கட வீட்டுக்கு மேலாலை விட்ட பிளேன் பிடிபட்டிட்டுது."