மணலில் ஒரு மாமா

மணலில் இறங்கியதும் மனிதன் தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறான். முழங்காலைத் தூக்குகிறான், அடியைச் சின்னதாக வைக்கிறான். இதை நிரூபித்தால் எனக்கு இயன்முறை மருத்துவத்தில் பட்டம். உலகத்தில் எந்தக் காலும் இதற்கு ஒத்துழைக்கும். எனக்கு வாய்த்தது என் அக்கா புருஷனின் கால்.

மாமா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஆய்வகத்தில் நீளமாக மணல் கொட்டி, அவர் இடுப்பு, முழங்கால், கணுக்காலெல்லாம் வெள்ளைப் பொட்டு ஒட்டி, கேமராவை ஓடவிட்டேன். மாலைக்குள் என் ஆய்வை மேற்பார்வையிடும் மேடத்திடம் வரைபடத்தைக் காட்டாவிட்டால் அடுத்த வருஷமும் இதே மணல்தான்.

"சும்மா கடைக்குப் போற மாதிரி நடங்க மாமா."

நெஞ்சை நிமிர்த்தினார். லெஃப்ட், ரைட். சிமெண்ட் தரையில் எப்படியோ மணலிலும் அப்படியே. திரையில் முதலில் எடுத்த தரை நடையின் கோடும் மணல் நடையின் கோடும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு போயின.

"கால் புதையுதுல்ல மாமா? புதையட்டும், விட்டுடுங்க."

"புதையுதுன்னு நான் எதுக்குடா காட்டிக்கணும்? ஒரு வாரமா ஸ்கூல்ல லாங் ஜம்ப் குழியில பிராக்டிஸ் பண்ணியிருக்கேன். உன் மானத்தைக் காப்பாத்தணும்ல?"

தலையில் அடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை.

"இதுல பாஸ், ஃபெயிலெல்லாம் கிடையாது மாமா!"

"அப்புறம் எதுக்குடா கேமரா?"

கெஞ்சினேன். கோபித்தேன். மறுபடி மறுபடி நடந்தார். சட்டை நனைந்தது, கெண்டைக்கால் வெடவெடத்தது, நடை மட்டும் இம்மி பிசகவில்லை.

"போதும் மாமா, விடுங்க" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேமராவை நிறுத்தக்கூடத் தெம்பில்லை.

அப்போது மணலின் மறுகோடியில் மேஜைமேல் வைத்திருந்த அவருடைய போன் அடித்தது. அக்கா. அக்காவின் போனை உடனே எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். மாமா கிளம்பினார். முழங்கால் மேலே வர, இடுப்பு ஒருபக்கம் போக, கை காற்றைத் துழாவ, சேற்றில் செருப்பைத் தொலைத்த கொக்கு மாதிரி ஒரு நடை. திரையில் இரட்டைப் பிள்ளைகள் சொத்துத் தகராறில் பிரிந்து போனார்கள்.

மேடம் வந்ததும் அதைத்தான் போட்டுக் காட்டினேன். படத்தில் இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது.

"பிரமாதம்! இதைத்தான் எதிர்பார்த்தேன். யாரோட கால் இது?"

முழங்காலில் வெள்ளைப் பொட்டோடு அட்டென்ஷனில் நின்றிருந்த மாமா முந்திக்கொண்டார்.

"யாருன்னு தெரியல மேடம். ஒழுங்கா டிரில் பண்ணாத பய."