நீலவேணிக்கு ஒரு மறுகுரல்

கண்ணாயியின் அம்மா பேசும்படத்தில் குரல் கொடுத்தவள் என்றால் மலைமேல் திருப்புலி நாட்டில் ஒருத்தரும் நம்புவதில்லை. "ஆமாமா, எங்கம்மா கூட ராக்கெட் ஓட்டுனா" என்பார்கள். நம்பாவிட்டால் போகட்டும், கட்டையில போறவனுங்க! ஊர் நம்பி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? பால்குடி மறக்கும் முன்னே செத்துப்போன அம்மாவின் குரலை ஒரே ஒருதரம் காதால் கேட்டுவிட வேண்டும். எழுபது வயசு தாண்டியும் தீராத ஆசை அது ஒன்றுதான்.

அப்பன் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். 'நீலவேணி' என்று மேடையில் சக்கைப்போடு போட்ட நாடகத்தை, படம் பேச ஆரம்பித்த புதிதில் படமாக எடுத்தார்களாம். அதில் தினைக்காட்டில் கிளி ஓட்டும் கட்டம். கதாநாயகிக்குப் பாட்டு வந்தது, கூவல் வரவில்லை. மலையிலிருந்து அம்மாவைக் கூட்டிப்போய், அட்டை மரத்துக்குப் பின்னால் நிறுத்திக் கூவ வைத்தார்கள். படம் ஓடி முடிந்தது. அப்புறம் அது போன இடம் யாருக்கும் தெரியவில்லை.

அதில் ஒரு துண்டு கிடைத்திருக்கிறது என்று வித்யாஸ்ரீ வந்து நின்றபோது, கண்ணாயி தினைக்காட்டுக் காவல் பரண்மேல் இருந்தாள். வித்யாஸ்ரீ மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரி. பழைய படங்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்வது அவள் வேலை. விடிந்தும் பனி கலையவில்லை. காடு எது, வானம் எது என்று தெரியாத வெள்ளை.

"ஏனுங்கம்மா, ரொம்ப எதிர்பார்க்காதீங்க. ஒரு கூவல் வரும், அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காதுங்க. அந்த எடம் கெட்டுப்போச்சு. வெட்டிரலாம்னு இருக்கறோம்."

"போடு கண்ணு" என்றாள் கண்ணாயி.

செல்போனில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு சிறுபெண் கூவினாள்: "ஊ... ஓஓய்!"

அம்மா! ஐயோ, எத்தனை சின்னப்பிள்ளை! அம்மா என்று கூப்பிடவே கூச்சமாக இருந்தது.

சத்தம் நின்றது. படத்தில் கதாநாயகி திருதிருவென்று முழித்தாள்.

"இந்த எடந்தானுங்க" என்று வித்யாஸ்ரீ நிறுத்தினாள்.

கண்ணாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கெட்டும் போகவில்லை, ஒரு மண்ணும் இல்லை! மலையில் ஒரு காட்டில் கூவினால் பக்கத்துக் காட்டிலிருந்து மறுகுரல் வரும், நானும் இருக்கிறேன் என்று. அது வராமல் யாரும் அடுத்த கூவல் கூவுவதில்லை. பட்டணத்தில் படமெடுக்கும் கொட்டகையில், காடும் இல்லாமல் கிளியும் இல்லாமல், அந்தப் பைத்தியக்காரப் பிள்ளை மறுகுரலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது!

"வெட்டிராத சாமி. யாராச்சும் கூவுவாங்கன்னு நிக்கிறா. முதல்ல இருந்து போடு, நிறுத்தாத."

மறுபடி இரைச்சல். மறுபடி கூவல். மறுபடி அந்த அமைதி.

கண்ணாயி பரண்மேல் எழுந்து நின்றாள். கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து கூவினாள். பனிக்குள் கிளிகள் கலைந்து பறந்தன. குரல் மலையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

செல்போனுக்குள் அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். சிரித்த வாயோடு அடுத்த கூவலைக் கூவினாள்.

கண்ணாயி தொப்பென்று பரணில் உட்கார்ந்தாள்.

"கேட்டிருச்சு கண்ணு" என்றாள். "எங்கம்மாளுக்குக் கேட்டிருச்சு."