ஆறு தேக்கு மேசைகள்

தேனி கடைவீதியில் ஞானசிகாமணியின் பாத்திரக் கடைக்கு மேலே, மாடியில், ஆறு பெண்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கோ பனி பெய்யும் ஊர்களின் சாலைப் படங்களில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காருக்கு ஒரு கட்டம், சைக்கிளுக்கு ஒரு கட்டம், ரோட்டைக் கடக்கிற ஆளுக்கு ஒரு கட்டம். தானாக ஓடும் காருக்கு எது என்னவென்று சொல்லிக்கொடுக்க அந்தப் படங்கள் போவதாக வேலை கொடுத்த பெங்களூர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஞானசிகாமணி அந்த மாடிக்காகப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தவர். மேசைகள் ஆறும் தேக்கு. போடியில் மரம் எடுத்து, ஆசாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் முழங்கை எங்கே வருகிறதோ அந்த உயரத்துக்குச் செய்யச் சொன்னார். அவர் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அங்கே வேலைக்கு வந்த பெண்களில் யாரும் ஐந்தடியைப் பெரிதாகத் தாண்டியவர்கள் இல்லை.

மேசை உயரமாக இருந்ததால் எல்லாரும் நாற்காலியை ஏற்றிக்கொண்டார்கள். நாற்காலி ஏறியதும் கால் தரையை விட்டது. இது சண்முகத்தாய்க்கு முதலில் ஒரு விஷயமாகவே தெரியவில்லை. ஓடைப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் அவள். இரண்டு மாதம் கழித்துக் கெண்டைக்கால் மரத்துப்போக ஆரம்பித்தபோது பஸ் சீட்டைத்தான் குறை சொன்னாள். இடுப்பு பிடித்தபோது, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் திராட்சை வெட்டியதால் என்று நினைத்தாள். அவள் புருஷன் முத்துராஜா, திராட்சை தலைக்கு மேலே தொங்குவதால் கழுத்து வலித்தால் நியாயம், கால் எதற்கு வலிக்கிறது என்று கேட்டான். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

கடைசியில் ஒருநாள் லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிசியோதெரபி பிரிவில் இருந்த பெண், வேலையில் எப்படி உட்காருவாளோ அப்படியே உட்கார்ந்து காட்டச் சொன்னாள். சண்முகத்தாய் அங்கிருந்த நாற்காலியைப் பார்த்தாள். அது சரிப்படாது என்று பரிசோதனைக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் ஊஞ்சலில் ஆடுகிற மாதிரி தொங்கின.

"இப்படியா? நாள் முழுக்கவா?"

"சாப்பாட்டுக்கு எறங்குவேன் மேடம்."

மாத்திரை எதுவும் எழுதவில்லை அந்தப் பெண். பாதம் முழுசாக எதன்மீதாவது பதிய வேண்டும், முழங்கை மேசை உயரத்துக்கு வரவேண்டும், திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்றாள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பார்க்கவும் சொன்னாள்.

மறுநாள் தோட்டத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் திராட்சைப் பெட்டியைப் பஸ்ஸில் தூக்கி வந்து, மேசைக்கு அடியில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காலை வைத்தாள். மத்தியானத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது. பக்கத்து மேசை யுவராணி குனிந்து பார்த்துவிட்டு, தான் இத்தனை நாளும் நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். ஞானசிகாமணியின் தங்கை மகள் ஜெனிபர்தான் அங்கே மேற்பார்வை. அவள் காலடியில் மிக்சி வந்த அட்டைப்பெட்டி ஒன்று ஏற்கெனவே நசுங்கிக் கிடந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஞானசிகாமணி மேலே வந்தார். தேக்கு மேசைக்கு அடியில் ஊதாப் பெட்டி கிடப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. வியாழக்கிழமை பெங்களூர்க்காரர்கள் வீடியோவில் ஆபீசைப் பார்க்கப்போகிறார்கள், இது என்ன சந்தைக்கடை மாதிரி என்று கேட்டார். பெட்டியை எடுத்துவிடச் சொன்னார்.

சண்முகத்தாய் எடுக்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணாச்சி, மேசை நல்ல மேசைதான். எனக்குத்தான் கால் எட்டலை. ஆஸ்பத்திரியில இப்படித்தான் வைக்கணும்னு சொன்னாக."

அவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அவர் பாதம் தரையில் அழகாகப் பதிந்தது. சொகுசாகத்தானே இருக்கிறது என்றார்.

ஜெனிபர் எழுந்து வந்தாள். "மாமா, அங்கன உக்காந்தா உங்களுக்குத் தெரியாது. இங்கன ஏறுங்க" என்று மேசையின் ஓரத்தைக் காட்டினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் ஏறினார். ஆறடி மனிதருக்கும் கால் தொங்கியது. ஜெனிபர் தன் லேப்டாப்பையும் மவுஸையும் பக்கத்தில் வைத்து, இந்த ஒரு படத்தை மட்டும் முடியுங்கள் என்றாள்.

படத்தில் இருபத்துமூன்று கார்கள். அவருக்கு வீம்பு. ஒவ்வொன்றாகக் கட்டம் போட்டார். பனிக்குள் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளை விட்டுவிட்டார். யுவராணி காட்டினாள், அதற்கும் போட்டார். இருபது நிமிடம் ஆனது. இறங்கியபோது இடது கால் தரையில் ஊன்றவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் ஒற்றைக்காலில் நின்றார். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது. நொண்டிக்கொண்டே கீழே போய்விட்டார்.

கோபம்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். சண்முகத்தாய் பஸ்ஸில் போகும்போது வேறு வேலை எங்கே தேடலாம் என்றுகூட யோசித்தாள்.

மறுநாள் காலை ஆசாரி ரம்பத்தோடு மாடியில் நின்றார். பெண்கள் ஒவ்வொருவராகக் கால் பதிய உட்காரவேண்டும். முழங்கை வருகிற உயரத்தில் மேசைக் காலில் சாக்பீஸ் அடையாளம் போடுவார். முதல் காலில் ரம்பம் இறங்கியபோது ஞானசிகாமணி திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். தேக்கில் வெட்டு விழுவதை அவரால் பார்க்க முடியவில்லை. "வெட்டுறதை நேரா வெட்டும்யா" என்று மட்டும் சொன்னார்.

வெட்டிய துண்டுகள் இருபத்துநான்கும் திரைகளுக்கு அடியில் போயின. அதனால் திரைகள் கண் மட்டத்துக்கு ஏறின. மேசைகள் ஆறும் ஆறு உயரத்தில், படிக்கட்டு மாதிரி நின்றன. வியாழக்கிழமை வீடியோவில் பெங்களூர்ப் பெண் ஒருத்தி அது ஏன் என்று கேட்டாள். அவரவர் அளவுக்குச் செய்தது என்று ஞானசிகாமணி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். அந்தப் பெண் தன் ஆபீசிலும் இப்படிச் செய்யமுடியுமா என்று கேட்டபோது, ஆசாரியின் நம்பரைக் கொடுத்தார்.

சண்முகத்தாயின் கால் மரப்பு பத்து நாளில் விட்டது. இடுப்பு ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. நாளெல்லாம் மவுஸ் பிடித்த வலது மணிக்கட்டு மட்டும் இன்னும் மாலையில் கொஞ்சம் முனகத்தான் செய்கிறது. இடதுகையால் மவுஸ் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு பேரும் ஜன்னலுக்கு வந்து தூரத்து மலையைப் பார்க்கிறார்கள். கீழே தெருவில் போகிறவர்கள், இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். எதிர்க் கடைக்காரர் இரண்டு முறை வெளியே வந்து பார்த்துவிட்டு, மலையில் தீயா என்று ஞானசிகாமணியிடம் விசாரித்தாராம்.

"ஒண்ணுமில்ல, கண்ணுக்கு நல்லது. நீரும் பாரும்" என்றாராம் இவர்.