விழாத ஷெல்

மேசைக்கு அடியில், சமையலறைத் தரையில், மகளைத் தன் வயிற்றுக்குக் கீழே அமுக்கிப் பிடித்தபடி நிரோஜினி குப்புறக் கிடக்கிறாள், கன்னத்தில் தரையோட்டின் குளிர், வாய் ஆவென்று திறந்திருக்கிறது, வாயைத் திறந்து வைத்தால் காது கிழியாது என்று எப்போதோ பழகியது, அம்மா நசிக்குது, விடுங்கோ என்று நான்கு வயது ஆரணி முனகுகிறாள், சத்தம் போடாதை, இன்னும் விழேல்லை என்கிறாள் இவள், இது ரொறன்ரோ, அடுக்குமாடியின் ஏழாம் தளம், ஞாயிறு மத்தியானம், அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, எல்லாம் தெரிகிறது, தெரிந்தும் உடம்பு எழும்பமாட்டேன் என்கிறது.

கொஞ்சம் முன்னால் கூடத்திலிருந்து கேதீஸ் கூப்பிட்டான், ஞாயிறுதோறும் அவன் பார்க்கிற போர் ஆவணத் தொடர், பகுதிக்கு ஒரு நாடு, வந்து பாருமன் நிரோ, இது எங்கட சண்டையில்லை, பனி கொட்டுற ஊர், ஊர் எரியிறதைப் பாக்கவும் உங்களுக்கு மிக்சர் வேணுமோ என்று இவள் கேட்க அவன் சிரித்தான், சண்டை முற்றுமுன்பே படிக்கவென்று இந்த ஊருக்கு வந்தவன், எந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் எறியும் என்பதைத் தொடர் பார்த்தே கற்றவன், திரையில் எந்த நாட்டுத் தாய் அழுதாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறவன், ஆனால் கடைசிச் சண்டைக்குள்ளிருந்து வந்த மனைவியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, கலியாணத்தன்று அவனுடைய அக்கா, அதுகளைக் கேட்டுக் கிளறிப்போடாதை தம்பி என்று காதில் ஓதியிருந்தாள், அதை அவன் இன்றுவரை காப்பாற்றுகிறான், அது அன்புதான், அவளுக்கும் தெரியும், அந்த அன்புக்குள் அவளுக்கு மூச்சு முட்டுவதுதான் அவனுக்குத் தெரியாது.

பிறகு திரையிலிருந்து அந்தச் சத்தம், தூரத்தில் யாரோ வெறும் பீப்பாயில் கையால் அறைந்ததுபோல ஒரு டும், வன்னியில் அதைக் குத்துற சத்தம் என்பார்கள், பீரங்கி அங்கே குத்தினால் ஷெல் இங்கே விழும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கும், அதற்குள் பிள்ளையைத் தூக்கவேண்டும், கஞ்சிச் சட்டியை மூடவேண்டும், பதுங்குகுழிக்குள் பாயவேண்டும், அந்தக் கொஞ்ச நேரங்களைக் கோத்துக் கோத்துத்தான் மாதக்கணக்கில் உயிரோடிருந்தார்கள், கரண்டி கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை, மகளை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் பாய்ந்தாள், ஆனால் குத்திய ஷெல் விழவில்லை, படத்தை அந்த இடத்தில் வெட்டிவிட்டார்கள், கோட்டுப் போட்ட ஒருவர் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து இராணுவ உத்திகளை விளக்கத் தொடங்குகிறார், ஷெல் மேலேயே நிற்கிறது, இவள் காத்திருக்கிறாள், கன்னத்தில் இப்போது மணல் உறுத்துகிறது, உப்புக்காற்றில் தறப்பாள் கூரை படபடக்கிறது, தம்பி பிரதீபன் குழிக்கு வெளியே நின்று, பயப்பிடாதை அக்கா, இது எங்களுக்கில்லை என்று சிரிக்கிறான், ஒவ்வொரு குத்துக்கும் விலாசம் சொல்வான் அவன், இது றோட்டுக்கு, இது கடற்கரைக்கு, இது சங்கக்கடை மனேச்சருக்கு, அந்தாள் அரிசியில கல்லுப் போட்டதுக்கு, வாடா உள்ளுக்கு எருமை என்று அம்மா கத்தியபடி எட்டி அவன் காலைப் பிடிக்கிறாள், அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை, குத்தினது கேட்டது, விழுந்தது கேட்கவில்லை, பக்கத்தில விழுறது காதுக்குக் கேக்காது பிள்ளை என்று ஆஸ்பத்திரிக் கொட்டிலில் ஒருத்தி பிற்பாடு சொன்னாள், அம்மாவையும் தம்பியையும் எங்கே புதைத்தார்கள் என்று காட்ட ஒருவரும் மிஞ்சவில்லை, அதனால் தம்பி இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறான், அம்மாவின் கை இன்னும் அவன் காலில், உள்ளுக்கு வாடா, உள்ளுக்கு வாடா என்று இவள் தரையோட்டுக்குச் சொல்கிறாள்.

என்னப்பா இது, பிள்ளை அழுகிறாள் என்று கேதீஸ் ஓடி வருகிறான், மகளை இழுத்தெடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறான், ரிமோட்டை அமத்துகிறான், கோட்டுக்காரர் பாதிச் சொல்லில் உறைந்துபோகிறார், நிப்பாட்டிப்போட்டன் நிரோ, ஒண்டுமில்லை, எழும்பும், அவள் தலையைத் தூக்காமலே, அது விழாமல் நான் எப்பிடி எழும்புறது என்கிறாள், உள்ளுக்கு வாடா என்று மறுபடி தரைக்குச் சொல்கிறாள். சரி சரி, அதை விடும் என்பது அவன் நாக்கு நுனிவரை வந்திருக்கவேண்டும், வழக்கமாக வருவதுதான், இன்றைக்கு மகளின் முதுகு அவன் கைக்குள் நடுங்குகிறது, அடுப்பை அணைத்தான், பிள்ளையைக் கதிரையில் இருத்தினான், பெருத்த உடம்பை மடக்கி, கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, மேசைக்கடியில் அவளுக்கு முன்னால் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தான், ஆர் வெளியில நிக்கினம் நிரோ, சொல்லும் என்றான்.

தம்பி, என்றாள், சிரிச்சுக்கொண்டு நிக்கிறான், அம்மா அவன்ர காலைப் பிடிச்சிட்டா. பிறகு, என்றான் அவன். யாரும் அவளிடம் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை, அவளும் தன்னிடம் கேட்டதில்லை, விழுந்திட்டுது என்றாள், சொன்ன பிறகுதான் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது, தன் தொண்டையிலிருந்து.