பின்வாசல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம். வீட்டுவரி விஷயமாகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குப் புகையிலை விற்க உரிமம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய கடை, பள்ளிக்கூட வாசலிலிருந்து நூறு கெஜத்துக்குள் வருகிறதாம். அவர் சண்டை போடவில்லை.

“அந்த வாசலத் தொறக்கச் சொன்னதே நாந்தாங்க” என்றார்.

வந்த வேலையை மறந்துவிட்டு அவர் பின்னாலேயே வெளியே வந்தேன்.

(அலுவலகத்தையும் பள்ளியையும் கதைக்காக மாற்றிவிட்டேன். தேடிப் போகாதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உப்புக் காற்றில் துருவேறிய தகரத்தின் கீழ் சௌந்தரவல்லி…’ அடித்துவிட்டேன். அவர் வருஷா வருஷம் தகரத்துக்குப் பெயிண்ட் அடிப்பவர்.

நேராகவே சொல்கிறேன். பட்டினச்சேரிக்குப் போகும் தெருவில் சௌந்தரவல்லிக்குப் பெட்டிக்கடை. கணவர் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் பீடிக்கு நிற்பார்கள்; நின்றவர்கள் டீ, வெற்றிலை, பிஸ்கட் என்று வாங்குவார்கள். கடை ஓடியது அப்படித்தான்.

தெருவின் கோடியில் பள்ளியின் பின்சுவர். வாசல் மறுபக்கம், லாரி போகும் பெரிய சாலையில். போன வருஷம் அங்கே தாமரைச்செல்வி என்ற பிள்ளையை லாரி அடித்துவிட்டது. மருந்து வாங்கப் போயிருந்த சௌந்தரவல்லிதான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். பிள்ளை பிழைத்தது, ஒரு கால் போயிற்று. பிறகு அவர் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்களையும் கூட்டிக்கொண்டு நடையாய் நடந்து, பின்சுவரை உடைத்து வாசல் வைக்கச் செய்தார். முன்வாசலைப் பூட்டினார்கள்.

உரிமச் சட்டம் அதற்கப்புறம் வந்தது.

3

உரிமத்துக்காகத் தூரம் அளக்க வந்த ஆய்வாளர் எழில்மதியை முதல் பிரதியில் கொடுமைக்காரியாக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது, ஆனால் பொய். அவர் கடையின் இந்த ஓரத்திலிருந்து ஒருமுறை, அந்த ஓரத்திலிருந்து ஒருமுறை டேப் பிடித்திருக்கிறார்.

“எங்க வச்சு அளந்தாலும் பத்தலம்மா” என்றாராம், தானே தவறு செய்துவிட்டதுபோல.

4

பக்கத்துக் கடைக்காரர் சுப்பையனுக்கும் உரிமம் இல்லை. அவர் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். பின்வாசலை மூடிவிட்டுப் பழைய வாசலையே திறக்க வேண்டும்; கேட்டு வாங்கிய சௌந்தரவல்லியே கையெழுத்துப் போட்டால் பள்ளிக்கூடத்தில் மறுக்க மாட்டார்கள். (சுப்பையன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும்போது அவர் வீட்டில் உலை கொதிப்பது பீடி வியாபாரத்தால்தான்.)

சௌந்தரவல்லி மனுவை இரண்டு முறை படித்தார். பேனாவையும் வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அந்தப் புள்ளையத் தூக்குனது நானுங்க. என்னால முடியாது.”

அன்றிலிருந்து சுப்பையன் அவரோடு பேசுவதில்லை.

5

முடிவு ஒன்று: அவர் காலையில் இட்லி போட்டு, பிள்ளைகள் மொய்க்க, கடை செழிக்கிறது. எழுதிப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

முடிவு இரண்டு: பிஸ்கட் டப்பாவுக்குள் பீடிக்கட்டை ஒளித்து விற்று, எழில்மதியிடமே மாட்டிக்கொள்… இல்லை, சௌந்தரவல்லி அப்படிப்பட்டவர் இல்லை.

நடந்தது இதுதான். இருந்த சரக்கை ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்தார். பீடிக்கு நின்றவர்கள் வேறு தெருவுக்குப் போனார்கள். டீக்கும் அங்கேயே நின்றுவிட்டார்கள். இப்போது காலையில் மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறார். கடையை மாலையில் மட்டும் திறக்கிறார்.

இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“நான் கையெழுத்துப் போட்டிருந்தா என்னாயிருக்கும்? அதையும் எழுதிப் பாருங்களேன்” என்றார்.

எழுதிப் பார்த்தேன்:

‘பின்வாசலைப் பூட்டினார்கள். கடையில் பழையபடி கூட்டம். மணி அடித்ததும் பிள்ளைகள் பெரிய சாலைப் பக்கம் ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவள்’

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவள் பத்திரமாகச் சாலையைக் கடந்தாள் என்றும் நீங்கள் முடிக்கலாம். பெரும்பாலான நாள்களில் அப்படித்தான் நடக்கும். சௌந்தரவல்லிக்கும் அது தெரியும்.