மூங்கில் தோட்டத்துக் கருப்பாயி

தென்முனை வானொலியின் தமிழ்ப் பகுதிக்கு ஐம்பது வயது. காலையிலிருந்து ஒரே கொண்டாட்டம். பழைய அறிவிப்பாளர் சதாசிவத்தை வரவழைத்து, நிலையத்தின் கதையைச் சொல்லவைத்துக்கொண்டிருந்தாள் இன்றைய அறிவிப்பாளர் ஷர்மினி. அந்தக் கதையில் தப்பு என்று ஒன்று மருந்துக்குக்கூட வரவில்லை. விழா நாளில் வரலாற்றை அப்படித்தான் சொல்வார்கள்.

பாசிர் கூடாங் நகரத்து வீட்டில் அர்ச்சுனன் போனைக் காதில் வைத்து, நேயர்கள் பேசும் வரிசையில் தன் முறைக்குக் காத்திருந்தார். அம்மாவின் மரண அறிவித்தலை இன்னொரு தடவை, சரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முப்பத்தொன்பது வருஷமாக மனதை அரித்த ஆசை அது.

"எஸ்டேட்ல அப்ப போன் ஏது?" என்றார் சதாசிவம். "யாராச்சும் செத்துட்டா, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி எழுதி அனுப்புவாரு. ஒரு எழுத்து மாத்தாம வாசிப்பேன்."

ஷர்மினி அவர் பெயரையும் ஊரையும் சொல்லி இணைப்புக் கொடுத்தாள்.

"மாத்தலைங்கய்யா. அதான் வினையாப் போச்சு," என்றார் அர்ச்சுனன். "லாபிஸ் பக்கம் மூங்கில் தோட்டம்ங்கிற ரப்பர் எஸ்டேட்தான் எங்க ஊரு. நான் ஃபேக்டரிக்கு வந்த பொறவு தோட்டத்த வித்து, லாடாங் செரி மாவார்னு மலாய்ல புதுப் பேரு வச்சிட்டாங்க. எனக்குத் தெரியாது. எம்பத்தாறுல, லாடாங் செரி மாவார் கருப்பாயி காலமானார்னு நீங்க வாசிச்சீங்க. எங்கம்மா பேருதான். ஆனா தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கருப்பாயி இருந்தாங்கல்ல? பாவம், யாரோன்னு சொல்லிட்டு ஷிப்டுக்குப் போயிட்டேன்."

நாலாம் நாள் கடிதாசி வந்தது. போய்ப் பார்த்தபோது மண்மேடுதான் இருந்தது. ஒரே பிள்ளை இவர். வாய்க்கரிசி போட்டது பக்கத்து வீட்டுக்காரர். அந்த வேதனை இன்றுவரை ஆறவில்லை.



"நான் என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டார் சதாசிவம்.

"எங்க தோட்டத்துப் பேரச் சொல்லி ஒரு தடவ வாசிங்கய்யா."

"ஐயா, இன்னிக்கு விழா..." என்று இழுத்தாள் ஷர்மினி.

"இருக்கட்டும்மா." கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மரண அறிவித்தல். லாபிஸ், மூங்கில் தோட்டத்தைச் சேர்ந்த திருமதி கருப்பாயி இன்று காலமானார். நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு. பாசிர் கூடாங்கில் இருக்கும் மகன் அர்ச்சுனன் உடனே புறப்பட்டு வரவும்."

அர்ச்சுனன் போனை மேசைமேல் வைத்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார்.

மனைவி வாசுகி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"நாலு மணிக்கு எடுத்துடுவாங்க வாசுகி," என்றார்.