கேசட்டில் ஒரு சக்களத்தி

"உன் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, வேற தொடுப்பு எதுவும் கிடையாது, நீ குடுத்து வச்சவ" என்று என் தங்கை அடிக்கடி சொல்வாள். முதல் இரண்டுக்கும் தலையாட்டுவேன். மூன்றாவதுக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வேன். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவளுடைய அறையில் ஒருத்தி வந்து குடியேறிவிட்டாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் இவர் நேரே அவளிடம்தான் போகிறார்.

அவள் ஒரு கேசட்டுக்குள் இருக்கிறாள்.

ஊரில் மற்றவர்கள் பழைய நாணயம் சேர்க்கிறார்கள், தபால்தலை சேர்க்கிறார்கள், தீப்பெட்டிப் படம்கூடச் சேர்க்கிறார்கள். இவர் சேர்ப்பது பேச்சுக் கேசட். ஒரு காலத்தில் கடல் தாண்டி வேலைக்குப் போனவர்களுக்கு, கடிதம் எழுதுவதற்குப் பதிலாக வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து அனுப்புவார்களே, அவைதான். பழைய சாமான் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன, சீந்துவார் இல்லை. இவர் அள்ளிக்கொண்டு வருவார். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில் என்றைக்கோ மழை பெய்ததையும், குழந்தைக்குப் பல் முளைத்ததையும், மாமியார் படுத்திய பாட்டையும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். அதிலும் ஒரு கணக்கு உண்டு. புதுக் கேசட் வந்தால் வாரம் முழுக்க முதல் பக்கத்தையேதான் திரும்பத் திரும்பக் கேட்பார். இரண்டாவது பக்கத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எடுத்து வைத்துவிடுவார்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் இவருக்குப் பட்டப்பெயரே 'காது'தான். மூடியிருக்கும் லிஃப்ட் கதவில் காதை வைத்து, மேலே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். கூட வேலை செய்பவர்கள் என்னிடம் இதைப் பெருமையாகச் சொல்லும்போது நான் சிரித்து வைப்பேன். அந்தக் காதெல்லாம் வாசலோடு சரி. உள்ளே வந்துவிட்டால் நான் சொல்லும் எதற்கும் ஒரே பதில்தான்: "ம்ம்." கல்யாணச் செய்திக்கும் அதே ம்ம், சாவுச் செய்திக்கும் அதே ம்ம்.

ஆனால் கேசட்டுக்காரிக்கு இவரே பெயர் வைத்தார். சிரிப்புக்காரி.

"ஒரு விஷயம் சொல்ல வந்தா, சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சுடறா. சிரிச்சு முடிச்சுட்டுத்தான் விஷயத்தையே சொல்றா" என்றார் ஒரு நாள், நான் கேட்காமலே.

"நான் எப்படிச் சிரிப்பேன், சொல்லுங்க பாப்போம்."

"ம்ம்" என்றார்.

இன்னொரு நாள் சாப்பிடும்போது கண் கலங்கியிருந்தது. காரம் கூடிவிட்டதோ என்று நான் பயந்தேன்.

"அந்தக் கேசட் ஒரு கவர்ல இருந்துச்சு. ஒட்டின கவர் ஒட்டினபடியே இருந்துச்சு. இவ அனுப்பவே இல்லையோ, இல்ல அவன்தான் வாங்கி வச்சுட்டுப் பிரிக்கலையோ. எவ்வளவு ஆசையாப் பேசியிருக்கா தெரியுமா? கேக்க ஒரு ஆள் இல்ல பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன? முகம் தெரியாத ஒருத்தி, உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ, அவளுக்கு இத்தனை வருஷம் கழித்தாவது கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான். அது என் ஆள். நான் எதிரே உட்கார்ந்து இவர் தட்டில் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். இவர் காதுக்குள் போக வேண்டுமென்றால் நான் இன்னும் எத்தனை வருஷம் பழைய சாமான் கடையில் கிடக்க வேண்டுமோ தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளியம்மா அந்தப் பேச்சை எடுத்தார். ரெடிமேட் துணிக்கடையில் ஆல்ட்டர் செய்யும் மேசை என்னுடையது. கால்சட்டை நீளம் குறைப்பது, ரவிக்கை பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் நான்தான். முதலாளியம்மா வேறொரு ஊரில் இன்னொரு கடை திறக்கிறார். அங்கே தையல் பகுதி முழுவதையும் நான் எடுத்து நடத்த வேண்டுமாம். கடைக்கு மேலேயே தங்க இடம். "உங்கள விட்டா எனக்கு ஆள் இல்லக்கா. இந்த வாரக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க" என்றார். என்னை விட்டால் ஆள் இல்லை என்று என் வாழ்க்கையில் யாரும் சொன்னதில்லை. ஊசியைக் குத்த வேண்டிய இடத்தை விட்டு விரலில் குத்திக்கொண்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னேன்.

"ம்ம்" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "ஆமா, அந்தப் பஞ்சு எங்க வச்ச?"

பிளேயரில் டேப் உரசிப் போகும் ஹெட்டைத் துடைக்கப் பஞ்சு வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். சரி, எந்த ஊர் என்றாவது கேட்பார் என்று படுக்கப் போகும் வரைக்கும் காத்திருந்தேன். சிரிப்புக்காரி எந்த ஊர்க்காரி என்று கண்டுபிடிக்க, பின்னால் கேட்கும் ரயில் சத்தம், தெருவில் போகும் வியாபாரியின் குரல் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்கிற மனுஷன் இவர். நான் போகப்போவது எந்த ஊர் என்று கேட்கவில்லை.

மறுநாள் எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று இவரைக் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குக் கடை விடுமுறை. அலமாரி மேலிருந்து எங்கள் பழைய ரெக்கார்டரை இறக்கித் தூசி தட்டினேன். மகள் மழலை பேசியதை அதில்தான் பிடித்து வைத்தோம். இவர் அந்த வாரம் வாங்கி வந்து இன்னும் கேட்காமல் வைத்திருந்த கேசட்கள் கிடந்த செருப்புப் பெட்டியில் துழாவினேன். எதுவும் பதிவாகாத கேசட் ஒன்று கிடைத்தது. மனைவி குரல் திடீரென்று காதுக்குள் கேட்டால் தூக்கிவாரிப் போடும், அப்போதாவது திரும்பிப் பார்ப்பார் என்பதுதான் என் எண்ணம்.

"என்னங்க, நான்தான் பேசறேன்" என்று ஆரம்பித்தேன். எல்லாக் கேசட்டிலும் எல்லாப் பெண்களும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் தயக்கமாக இருந்தது. பிறகு மடை திறந்துகொண்டது. முதலாளியம்மா கேட்டதைச் சொன்னேன். "உங்ககிட்ட சொன்னேன், நீங்க பஞ்சு எங்கன்னு கேட்டீங்க. வேண்டாம் போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன். போயிட்டு வான்னு சொல்லியிருந்தா சந்தோஷமாப் போயிருப்பேன். எந்த ஊருன்னுகூட நீங்க கேக்கல" என்றேன். நடுவில் வாசல் மணி அடித்தது. எங்கள் வீட்டு மணி குருவி கத்துவது மாதிரி கத்தும். யாரோ பார்சல்காரர், வேறு வீட்டுக்கு வந்தவர். அனுப்பிவிட்டு வந்து தொடர்ந்தேன்.

முதல் பக்கத்தோடு கோபமெல்லாம் தீர்ந்துபோனது. திருப்பிப் போட்டு ஊர்ப் பெயரைச் சொன்னேன். மாடியில் இரண்டு அறை, அதில் ஒன்று தெருச் சத்தம் வராத அறை, உங்கள் கேசட்களை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த ஊரிலும் லிஃப்ட் இருக்கும், அதுவும் கெட்டுப்போகும், நீங்களும் வாங்க என்றேன். கேசட்டைச் செருப்புப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துவிட்டு ரெக்கார்டரை இருந்த இடத்திலேயே ஏற்றினேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிளேயர் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது. ஒரு கூச்சல், ஒரு 'ஏய்', எதுவும் இல்லை. எட்டிப் பார்த்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மகள் பிறந்த அன்று பார்த்தது.

வெளியே வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு ஒருத்தி கிடைச்சிருக்கா" என்றார்.

"யாரு?"

"கோவக்காரி. சின்னப் பொண்ணு. இருபத்தஞ்சு இருக்கும், அதுக்கு மேல போகாது. என்னமா கோவம் வருது தெரியுமா அவளுக்கு? அதுல ஒரு அழகு இருக்கு."

என் கோபத்துக்கு இந்த வீட்டில் இத்தனை காலமும் "ஆரம்பிச்சுட்டியா" என்றுதான் பெயர்.

"வா, கேளு" என்று உள்ளே கூப்பிட்டு ஹெட்ஃபோனை என் காதில் வைத்தார். மெலிசான, படபடவென்று பேசும் ஒரு பெண் குரல். வார்த்தையெல்லாம் என்னுடையது, குரல் என்னுடையது இல்லை. என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அலமாரி மேல் கிடந்து கிடந்து அந்த ரெக்கார்டரின் பெல்ட் தொய்ந்து, டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும்போது பிடித்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று இளசாகிவிடும். இதைச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான். பிளேயரின் பின்பக்கத் துளைக்குள் இருக்கும் திருகைத் திருப்பி வேகத்தைச் சரி செய்வதையும் எனக்கு விளக்கியிருக்கிறார். நான் இவர் சொல்வதைக் காதில் வாங்குகிறவள்.

"பின்னாடி ஒரு கோழிக்குஞ்சு கத்துது கேட்டியா? கோழி வளக்கற வீடு. ஊருக்கு வெளிய எங்கயோ இருக்கணும்" என்றார் காது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தக் காது இன்னும் எவ்வளவு தூரம்தான் போகிறது பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

ரொம்ப தூரம் போனது. அடுத்த நாள் சிரிப்புக்காரியை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டார். கோவக்காரிதான் இப்போது எல்லாம். குளிக்கும்போது அவள் பேச்சு, சாப்பிடும்போது அவள் பேச்சு. "ரவிக்கை பிரிச்சுத் தைக்கறத பத்தி எவ்வளவு நுணுக்கமாச் சொல்றா தெரியுமா?" என்றார், ரவிக்கை பிரித்துத் தைத்துக்கொண்டிருந்த என்னிடம். சிரிப்புக்காரியைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். இவளைப் பொறுக்க முடியவில்லை. என் வார்த்தையைத் திருடிப் பேசி என் புருஷனைப் பிடித்துவைத்திருக்கிறாள். எனக்கு நானே சக்களத்தியாகிவிட்ட கதையை யாரிடம் போய்ச் சொல்வது? தங்கையிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் அறையிலிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"அவன் எதுக்குப் பஞ்சு கேட்டிருப்பான்னு நினைக்கிற?"

"எவன்?"

"கோவக்காரி புருஷன். காதுல அடைச்சுக்கத்தான் கேட்டிருப்பான்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவ போயிருப்பாளா, இருந்திருப்பாளா?" என்றார்.

நான் ஊசியை நிறுத்தினேன். "நீங்க சொல்லுங்க."

"போயிருக்கணும். அப்படிப் பேசற பொண்ணுகிட்ட பஞ்சு எங்கன்னு கேக்கறவன்கூட இருந்து என்ன பண்ணப்போறா? போயிருந்தா நல்லா இருப்பா."

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமாத்தான் சொல்றேன். அவன் ஒரு ஆளா?"

எழுந்து அடுப்படிக்குப் போனேன். முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன். "வரேன்மா" என்றேன். அவர் சந்தோஷத்தில் என்னென்னவோ சொன்னார், எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. இத்தனை நாள் ஏங்கிய பதிலை என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், வேறொருத்திக்கு. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

இவர் திரும்பவும் உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டியிருந்தார். நான் போய்ப் பிளேயரிலிருந்து அதன் ஒயரைப் பிடுங்கினேன். கோவக்காரியின் கீச்சுக்குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்ன பண்ற?" என்றார்.

இவர் சட்டைப் பையிலிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிளேயரைத் திருப்பி, பின்பக்கத் துளைக்குள் விட்டுத் திருகினேன். மெதுவாகத்தான் திருகினேன். இருபத்தைந்து வயதுக்காரியின் குரல் இறங்க ஆரம்பித்தது. முப்பதானாள், நாற்பதானாள். படபடப்பு அடங்கியது, தொண்டையில் கரகரப்பு வந்து சேர்ந்தது. எங்கள் கண்ணெதிரே அவளுக்கு வயதாகிக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்துக் கோழிக்குஞ்சு கத்தியது. கோழிக்குஞ்சு இல்லை, குருவி. எங்கள் வாசலில் தினமும் கத்துகிற அதே குருவி.

இவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பிளேயரைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"எந்த ஊருன்னுகூட நீங்க கேக்கல" என்றது கேசட், என் குரலில்.

நான் திருகுவதை நிறுத்தினேன். இவர் முகம் செத்துப்போயிருந்தது. சிரிப்புக்காரிக்காகக் கலங்கிய கண் எனக்காகக் கலங்குகிறதா என்று உற்றுப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு கெட்ட புத்தி எனக்கு.

"போயிருக்கணும்னு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"சொன்னது சொன்னதுதான். வரேன்னு சொல்லிட்டேன்."

கேசட் ஓடி முடிந்து தானாக நின்றது. இவர் கேட்டார், "எந்த ஊரு?"

ஆசையாகத்தான் இருந்தது பதில் சொல்ல. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கோவக்காரிக்கு மட்டும் அவ்வளவு பொறுமையாகக் காது கொடுத்தவர், எனக்கும் கொடுக்கட்டும்.

"ரெண்டாவது பக்கத்துல சொல்லியிருக்கேன்" என்றேன்.

ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துப் போட்டு, துணிகளை மடிக்க உட்கார்ந்தேன். கை மடித்தது, காது அந்த அறையிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமைதான் ஆகியிருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கேசட்டை எடுத்துத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது.